முதுகு காட்டி நிற்பவர்

வினாகிரியில் நனைத்த பழைய பேப்பரால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் அன்னபாக்கியம். மேகத்தில் தொடங்கி, அருவி வழியாக இறங்கி, முறிந்த மரத்தைச் சுற்றி, பாறைமேல் நிற்கும் மனிதரிடம் வந்ததும் கை மெதுவாகிவிடும். அந்த இடத்துக்குப் பேப்பர் கிடையாது; சேலைத் தலைப்புத்தான்.

மாசியில் ஆக்லாந்து வீடொன்றின் வாசலில், பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கிய அச்சுப்படம் அது. ஐரோப்பாவில் எங்கோ ஒரு மலை. நிறமே இல்லை, எல்லாம் கறுப்பு மைக்கோடுகள். புயலும் பாதாளமுமாகப் பயமுறுத்துகிற காட்சியை, நகமளவு மனிதர் ஒருவர் இடது தோள் சற்றுச் சரிய, முதுகு காட்டி நின்று பார்க்கிறார். “இவரும் இப்பிடித்தான் நிப்பார்” என்பார். இவர் என்றால் கணவர் நவரத்தினம். போர் நாளில் யாழ்ப்பாணத்தில் மருந்து வாங்கச் சைக்கிளில் போனவர். திரும்பவில்லை, செய்தியும் இல்லை. அவருடைய போட்டோ ஒன்றுகூட இடப்பெயர்வில் தப்பவில்லை.

அன்னபாக்கியத்துக்குப் பேக்கரியில் பாண் அடுக்கும் வேலை. வாயும் லேசுப்பட்டதல்ல, சூப்பர்வைசரைத் தமிழில் திட்டிவிட்டு ஆங்கிலத்தில் சிரிப்பவர். அண்ணன் இராசநாயகம் வந்தால் மட்டும் பேச்சுக் குறைந்துவிடும். இறந்தவர்க்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்துவிட்டால் போன உயிருக்கும் ஆறுதல், உனக்கும் ஆறுதல் என்று ஒவ்வொரு முறையும் தொடங்குவார். தங்கைக்காக உருகுகிற நல்ல மனிதர்தான். போன கிழமை ஐயரிடம் நாளே கேட்டுவிட்டார்.

“அவர் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ, அண்ணை?” என்று கேட்டுவிட்டு அன்னபாக்கியம் தேநீர் போட எழுந்து போனார்.

பக்கத்து வீட்டு மரகதம் மதுரைக்காரி. அக்கா தினமும் துடைத்து, எதிரே நின்று பார்ப்பதைக் கவனித்தவள், அது கயிலாய மலை என்று தானாகவே முடிவுகட்டிவிட்டாள். ஆக்லாந்து வேலிகளில் கேட்பாரில்லாமல் பூத்துக்கிடக்கிற மல்லிகையை நேற்றுப் பறித்து, நெருக்கமாகத் தொடுத்து வந்து, அன்னபாக்கியம் அடுக்களையில் நின்ற நேரத்தில் படத்துக்கு மாலையாகப் போட்டுவிட்டாள்.

செத்தவர் படத்துக்குப் போடுகிற மாதிரி, மாலைக்குள் அவரைக் கண்டார் அன்னபாக்கியம். அண்ணனும் ஐயரும் செய்ய முடியாததை ஒரு முழம் பூ செய்துவிட்டது. பாவம், மரகதத்துக்கு என்ன தெரியும்.

“சாமிக்குத்தானேக்கா போட்டேன்?” என்றாள் அவள், மிரண்டுபோய்.

“சாமி இல்லை, மரகதம். அதிலை நிக்கிறது எங்கட இவர்.”

மாலையைக் கழற்றினார். எறியவில்லை. அதில் ஒரு துண்டைக் கிள்ளியெடுத்துத் தம் கொண்டையில் செருகிக்கொண்டார்.