முதலில் புறப்பட்டவர்

வரதராஜனுக்கு நாற்பத்தொன்பது வயது. ஆக்லாந்து நகரத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் பழைய மரவீடு, அந்த வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு ரேஸ் சைக்கிள். அது வந்த நாளிலிருந்து வீட்டில் இளைத்தது மனைவி குணவதியின் பொறுமைதான். அவருடைய தொப்பை இருந்த இடத்திலேயே இருந்தது.

சைக்கிள் கிளப்பில் சேர்ந்து மூன்றாம் மாதம், அந்த ஊர்க் குளிர்காலமான ஜூலையில், நகரத்துக்குத் தெற்கே புக்கெகோஹியின் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அவருடைய முதல் பந்தயம். பெயர்களை வாசித்தபோது, முதலில் கிளம்பும் கூட்டத்திலேயே அவர் பெயர் வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்த் திருவிழாவில் முதலில் கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டுவது பெரிய மனிதருக்குத்தானே. போன வாரப் பயிற்சியில் நாம் மேடு ஏறியதை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த மேட்டில் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது நினைவுக்கு வரவில்லை. கோட்டருகே நின்று ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார்: ‘முதல் வரிசை நமக்குத்தான்.’

அந்தக் குழுவில்தான் கோயம்புத்தூர் பழனிசாமி இருக்கிறார், குணவதியின் அண்ணன். சைக்கிள் வாங்கிய சேதி கேட்டு, “மாப்பிள்ளைக்குக் காரு ஓட்டவே மூச்சு வாங்குமே” என்று எல்லார் முன்னாலும் சிரித்தவர். அந்த வாயை அடைக்கத்தான் வரதராஜன் மூன்று மாதமாக மிதித்ததே.

பக்கத்தில் அதே கூட்டத்தில் நின்றவர் சபாரத்தினம், எழுபது வயது யாழ்ப்பாணத்துக்காரர். புகழைப் பிறர் வாயால் கேட்கும் ஆசையில், “நம்மள எதுக்குங்க முதல்ல அனுப்பறாங்க?” என்று வரதராஜன் அடக்கமாகக் கேட்டார்.

“உமக்குத் தெரியாதே? ஏலாத ஆக்களைத்தான் முதல்ல விடுறவை, தம்பி. கெட்டிக்காரர் கடைசியாத்தான் வெளிக்கிடுவினம். அப்பத்தான் எல்லாரும் கிட்டக்கிட்ட வந்து முடிக்கலாம்.”

படத்தை அழித்துவிடலாம் என்று போனைத் தேடுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

தெற்கிலிருந்து வீசினால் தென்றல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர். இந்த ஊரில் தெற்கே இருப்பது அண்டார்டிகா. முதல் மேட்டிலேயே சபாரத்தினம், “பிறகு சந்திப்பம்” என்று கையசைத்துப் போய்விட்டார். அடுத்த கூட்டம் கடந்தது, அதற்கடுத்ததும் கடந்தது. ஒவ்வொருவரும் தவறாமல் ஓர் ஆறுதல் வார்த்தை சொன்னார்கள்; அதுதான் அதிகம் வலித்தது. பிறகு ஆலங்கட்டி மழை. விரல்கள் தன்னுடையவைதானா என்றே தெரியவில்லை. கடைசியில், மஞ்சள் விளக்கு சுழல, கடைசி ஆளுக்குக் காவலாக ஒரு கார் அவருக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது, அமைச்சருக்கு வருவதுபோல. வெங்காயம் ஏற்றிய டிராக்டர் ஒன்று அவரையும் காரையும் தாண்டியது. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று தன்னையே திட்டிக்கொண்டு மிதித்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கொடியைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். அவருக்காக மறுபடி விரித்து ஆட்டினார்கள். கிளப்காரர் ஒருவர் தோளைத் தட்டி, அடுத்த மாதம் உங்களை மட்டும் தனியாக, முதல் கூட்டத்துக்கும் முன்னால் அனுப்புகிறோம் என்றார். அது என்ன மரியாதை என்று இப்போது அவருக்குத் தெரியும்.

காரில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்தாள் குணவதி. அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லி முடிக்கும்போதே போன் அதிர்ந்தது. பழனிசாமிதான். ‘என்னாச்சு மாப்ள? எத்தனாவது?’

“சைக்கிள வித்துடலாம், குணா” என்றார். பதில் எழுத விரல் வளையவில்லை. வளைந்தாலும் எழுத என்ன இருக்கிறது?

அவள் போனை வாங்கினாள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். “அடுத்த மாசம் எல்லாருக்கும் முன்னால இவர மட்டும் தனியா அனுப்பறாங்களாம், அண்ணா.”

“குணா, அது வந்து…”

“ஏனுங்க, இதுல பொய் எங்க இருக்குது?”

அண்ணனை யாரும் ஒரு சொல் சொல்லப் பொறுக்காதவள் தன் பக்கம் நின்றதில் அவருக்குக் குளிர்கூட மறந்துபோனது. அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பூமாலைப் படம் வந்தது. கீழே ஒரு வரி: ‘அடுத்த ரேஸ வீடியோ கால்ல காட்டுங்க. குடும்பமே உக்காந்து பார்க்கறோம்.’

வரதராஜன் மனைவியைப் பார்த்தார். அவள் பிளாஸ்க்கைத் திறந்து காபியை ஊற்றினாள்.

“கிளம்பறத மட்டும் காட்டறேன்” என்றாள். “அப்புறம் சிக்னல் போயிருமுங்க.”