கயிறு கட்டிய பெட்டிகள்

பாறசாலைக்கு மேற்கே ரப்பர் மரங்களுக்கு நடுவே இருபத்திரண்டு தேன்பெட்டிகள் வைத்திருக்கிறார் சுந்தரதாஸ். வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. அதியன்னூர்ப் பக்கம் தேனீப் புழுக்கள் அழுகிச் சாகின்றன என்று கேட்ட நாள் முதல், மூடியைத் தூக்கும்போதெல்லாம் முதலில் புழுக்களைத்தான் பார்ப்பார். முன்பு இதே நோயில் அப்பாவின் நாற்பது பெட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியது. அதில் சாஸ்தா கோயிலில் பூசித்த கயிறு கட்டியிருந்தது. இப்போது பூசாரி கொடுத்த பத்துக் கயிறுகளையும் பத்துப் பெட்டிகளில் கட்டினார்.

காட்டாக்கடையில் தேனீ வளர்ப்போருக்கு நடந்த வகுப்பில் அமிர்தா என்ற அதிகாரி சொன்னாள்: "நோயைத் தாங்குற கூட்டத்துல இருந்து ராணி எடுத்துப் பெருக்குங்க. அதுக்க பிள்ளைகளும் தாங்கும். உயிருகள் எல்லாம் இப்படித்தான் மாறி மாறி வந்தது. மனுசனும்." மனுசனைச் சாமி படைத்தார் என்று நம்பும் சுந்தரதாஸ், அந்தக் கடைசிச் சொல்லில் எழுந்து வெளியே போய்விட்டார்.

மூன்றாம் வாரம் நோய் இங்கும் வந்தது. புழுக்கள் நீர் கட்டிய பைகளாகிக் கிடந்தன. கயிறு கட்டியவற்றில் ஏழு பெட்டிகள் அழிந்தன.

"குளிக்காம கயிற தொட்டுட்டேன்" என்றார்.

பாறை இடுக்கிலிருந்து அவர் பிடித்து வந்து ஒரு பெட்டியில் வைத்திருந்த கூட்டத்துக்குக் கயிறு இல்லை. அதில் ஒரு புழுவும் அழுகவில்லை.

"அது சும்மா பிழச்சது" என்றார்.

மனைவி லேகா புகைச்சட்டியைக் கீழே வைத்தாள். "செத்தா உங்க குத்தம், பிழச்சா கயிறுக்க சக்தி. பின்ன கயிறு எப்பம்தான் தோக்கும்?"

"எடீ, அப்பாக்க பெட்டிய ஆரு காப்பாத்துனது?"

"மாமா அந்த ஒண்ணுல மட்டுமா கட்டுனாரு?"

நாற்பதிலும் கட்டியிருந்தது. அன்று அப்பாவுக்குக் கயிறுகளை நறுக்கிக் கொடுத்தவர் சுந்தரதாஸ்தான்.

மறுநாள் பாறைக்கூட்டத்தில் ராணித் தேனீக்கள் வளரும் அறைகளை வெட்டியெடுத்து, மிஞ்சிய பெட்டிகளில் வைத்தார். வைக்கும்போது ஓர் அறை விரலில் நசுங்கியது. சாமி தடுக்கிறதோ என்று ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து முதல் பெட்டியைத் திறந்தார். புது ராணியின் புழுக்கள் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தன.

"நல்லா உண்டா?" என்றாள் லேகா.

"உண்டு."

"பின்ன ஏன் முகம் வெளிறிக் கெடக்கு?"

அவர் மூடியை மெல்ல வைத்தார். "வகுப்பெடுத்த அந்தக் கொச்சுப்பொண்ணு சொன்னதுல பாதி சரியாயிட்டு. மனுசனப் பத்திச் சொன்ன மத்தப் பாதியும் சரியா இருந்தா நான் என்ன செய்யட்டும்?"