பசை டீச்சரின் பாலம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் பசை டீச்சர். கைப்பையில் சாப்பாட்டு டப்பா இருக்கிறதோ இல்லையோ, பசை டப்பா இருக்கும். வீட்டில் கோப்பையின் காது உடைந்தால் சத்தமில்லாமல் ஒட்டி அலமாரியில் வைத்துவிடுவாள். காது கையோடு வந்து, காபி மடியில் கொட்டிய பிறகுதான் கணவருக்கு விஷயம் தெரியும். யார் முகமும் வாடக் கூடாது அவளுக்கு. அது ஒரு வியாதி.

பதினெட்டு வருஷமாக ஏழாம் வகுப்பை ஐஸ் குச்சியில் பாலம் கட்ட வைக்கிறாள். நாலு பேருக்கு ஒரு பாலம். மேலே புத்தகங்களை அடுக்கினால் எத்தனையாவது புத்தகத்தில், எந்த இடத்தில் முறியும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதியாக வேண்டும். தாங்குவது பெரிதில்லை, எழுதியது நடக்கிறதா என்பதுதான் அறிவியல் என்பாள்.

இந்த வருஷம் தலைமையாசிரியர் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். இது படிப்பா விளையாட்டா என்று அவருக்கு வெகுநாள் சந்தேகம். திருப்தி இல்லையென்றால் அந்தப் பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். முந்தின நாள் மணியடித்து எல்லோரும் போனதும் டீச்சர், ஜன்னலோரக் குழுவின் பாலத்தில் ஆடிக்கொண்டிருந்த நடு இணைப்பில் தாராளமாகப் பசையை அப்பினாள்.

மறுநாள் அந்தப் பாலம் பதினோரு புத்தகங்களை முறியாமல் தாங்கியது. தலைமையாசிரியர் வாயெல்லாம் பல்லாக, பீரியட் இனி உங்களுக்குத்தான் என்றார். குழுவில்தான் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆறாவது புத்தகத்தில் நடு இணைப்பு விடும் என்று எழுதியிருந்தார்கள். மற்ற மூன்று பேரும் அந்தக் கணக்கைப் போட்டவளை முறைக்க, அவள் தலையைக் குனிந்துகொண்டு அழிரப்பரை எடுத்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பீரியட் பிழைத்துவிடும். டீச்சர் அந்த ரப்பரைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது.

"அழிக்காதம்மா. உன் கணக்கு சரிதான். நேத்து நான்தான் அதுல பசை போட்டேன்," என்றாள், தலைமையாசிரியர் காதுபடவே.

அவர் முகம் சுருங்கியது. டீச்சர் பிளேடால் பசையைச் சுரண்டி எடுத்தாள். மறுபடி அடுக்கினார்கள். ஆறாவது புத்தகத்தில் நடு இணைப்பு விட்டது. கட்டிய பாலம் விழுந்ததற்கு நாலு பேரும் குதித்தார்கள். தலைமையாசிரியர் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, இதுவும் கணக்குதான், பீரியட் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

கணக்குப் போட்டவள் மட்டும் குதித்து முடித்து டீச்சரிடம் வந்தாள். "சொல்லிட்டுப் போட்டிருந்தா பசையையும் கணக்குல சேர்த்திருப்பேன் டீச்சர். உங்களையும் அஞ்சாவது ஆளா எழுதியிருப்போம்."

சாயங்காலம் வீட்டில் கணவர் காபிக் கோப்பையை எடுத்தபோது டீச்சர் சொன்னாள்: "அது காது ஒட்டினதுங்க. பாத்துப் பிடிங்க."