கிளட்ச் இல்லாத இடது கால்

அன்புமணியின் இடது முழங்கால் தேய்ந்துபோனதற்குக் காரணம் கிளட்ச். உக்கடத்துக்கும் அன்னூருக்கும் நடுவே கால் நூற்றாண்டுக்கு மேல் தனியார் பஸ் ஓட்டியவர். அவர் மிதித்த மிதியையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மருதமலைக் கோபுரத்தைத் தாண்டிப் போகும் என்று நான் சொல்வேன். நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனி கிளட்ச் இருக்கிற வண்டியையே தொடாதீங்க” என்று சொன்னது முழு நிஜம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். உட்காரத்தான் முடிந்ததே தவிர, இருக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தாலும் இரண்டு கையும் மடியில் வட்டமாக எதையோ பிடித்திருக்கும். தட்டில் சோறு வைத்தால் ரசத்துக்கு இடதுபக்கம் திரும்பிச் சாப்பிடுவார், மோருக்கு வலதுபக்கம். அந்தச் சமயத்தில்தான் கிருபாசங்கர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

கிருபாசங்கருக்குக் கணபதியில் பம்ப் செட் பட்டறை. அவருடைய அம்மா மாரியாத்தாள் அன்னூரை ஒட்டிய தோட்டத்து வீட்டில் இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அம்மாவுக்காக மகன் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். கிளட்ச் இல்லை, கியர் கம்பி இல்லை. திருகுவதற்கு ஒரு குமிழ், மிதிப்பதற்கு இரண்டு பெடல், மிச்சமெல்லாம் டிவி மாதிரி ஒரு திரை. கோயமுத்தூரிலேயே அன்புமணியின் முழங்கால் ஒத்துக்கொள்ளும் வண்டிகளில் அது ஒன்றுதான் அவர் கைக்கு எட்டியது. இதையும் விட்டால் அவருக்கு ஸ்டியரிங்கே கிடையாது. அது அவருக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும்.

முதல் வாரம் யாருக்கும் நல்ல வாரமாக இல்லை. பஸ்ஸில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தன்பாட்டுக்கு உருண்டு போகும். இதில் காலை எடுத்தாலே யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது மாதிரி வண்டி நிற்கப் பார்க்கும். அப்படி நிற்பதில் பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டு திரும்பக் கிடைக்குமாம். பேட்டரிக்குக் கிடைத்தது, மாரியாத்தாளுக்குக் கழுத்து வலி கிடைத்தது.

“ஏனுங்க அன்புமணி, நானென்ன அரிசியா? இந்தப் புடை புடைக்கறீங்க?”

“வண்டியே புடிக்குதுங்கம்மா. நான் பிரேக்கே தொடலீங்க.”

“அப்ப அதுகிட்டச் சொல்லுங்க, உள்ள ஒரு சீக்காளி உக்காந்திருக்குதுன்னு.”

காலை முழுசாக எடுக்காமல், பெடல்மேல் பூனை நடக்கிற மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினார். அது முடிந்தால் திரை. ஏசியைக் குறைக்கத் திரையைத் தொட வேண்டும். குழியில் வண்டி குலுங்க, விரல் வேறெங்கோ பட்டு, கோவில்பாளையத்தில் ஏதோ ஒரு பாட்டு அலறும். தண்ணீர் லாரிக்கு ஒதுங்கிக் கோட்டைத் தாண்டினால் வண்டி கீச்சென்று கத்தும். அவர் கொட்டாவி விட்டால் திரையில் ஒரு காபிக் கோப்பை தோன்றி ஓய்வெடுக்கச் சொல்லும்.

“படம் மட்டுந்தானா, வாங்கித் தருமா?” என்று அதனிடமே கேட்டார்.

வேகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சத்தம் ஏறி ஏறித்தான் வேகம் வரும் என்று அவர் காதுக்குப் பழக்கம். இதில் சத்தமே வராமல் வேகம் மட்டும் வந்தது. ஒருநாள் சரவணம்பட்டி சிக்னலில் பக்கத்தில் ஒரு டவுன் பஸ். ஓட்டுகிறவர் சுப்பண்ணன், பழைய போட்டியாள். “என்னப்பா, பொம்மைக் காரா?” என்று மேலேயிருந்து கேட்டுச் சிரித்தார். பச்சை விழுந்ததும் அன்புமணி பெடலைக் கொஞ்சம்தான் அழுத்தினார். சுப்பண்ணனின் சிரிப்பு அவர் வாயை விட்டு வெளியே வருவதற்குள் கார் மேம்பாலத்துக்கடியில் போய்விட்டது என்கிறார்கள். எனக்குச் சொன்னவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர். நான் அதில் எதையும் குறைக்கவில்லை.

பின்சீட்டில் மாரியாத்தாள் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்: “திருப்புங்க வண்டிய. என் கொடலு இன்னும் சிக்னல்லயே நிக்குது, எடுத்துட்டு வந்தரலாம்.”

அதற்கப்புறம் அன்புமணி அப்படி அழுத்தவில்லை. மாதங்கள் போயின. காலையில் போவது, ஆஸ்பத்திரி நிழலில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பது, பிற்பகலில் இன்னும் களைத்துப்போன அம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்புவது. டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்கள் பிழிந்து உதறின துணி மாதிரி இருப்பார்கள். போகும்போது வாயாடுகிற மாரியாத்தாள் வரும்போது பேச மாட்டார். காத்திருந்தே அன்புமணியும் அதே அளவுக்குக் களைத்திருப்பார். காரிலும் சத்தம் கிடையாது. மூன்றும் சேர்ந்து ஊமையாக அன்னூர் வந்து சேரும்.

சம்பவம் நடந்தது ஒரு பிற்பகலில், ஆஸ்பத்திரி வாசலில்.

அன்புமணி போர்ட்டிகோவில் காரை நிறுத்தியிருந்தார். அந்தக் காரில் ஒரு வசதி: நின்றதும் தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், காலை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டார். குமிழ் மட்டும் வண்டி ஓடுகிற நிலையிலேயே இருந்தது. பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. செக்யூரிட்டி விசிலை ஊதி, “எடுங்க, எடுங்க” என்று கூரையைத் தட்டினார். மாரியாத்தாளோ கார்க் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரியான கோட்டைமேடு உம்மல் குல்சும் அம்மாளிடம் பேச்சை முடிக்காமல் நின்றார்.

“வாங்கம்மா” என்று கூப்பிட்டார் அன்புமணி.

“வாரேன், வாரேன்.”

தனியார் பஸ்காரர்கள் வாயால் இரண்டு முறை கூப்பிடுவதில்லை. ஸ்டாண்டில் ஆள் ஏறாமல் நின்றால் கிளட்சை அடியோடு மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்துவார்கள். பஸ் உறுமும், நகராது. அந்த உறுமலுக்குத்தான் உக்கடமே ஓடி வந்து ஏறும். அன்புமணியின் இரண்டு காலும் அவரைக் கேட்காமல் அதைச் செய்தன. இடது கால் வெறும் கார்ப்பெட்டை, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தை, முழங்கால் வலிக்க வலிக்க அழுத்திப் பிடித்தது. வலது கால் உறுமியது.

கார் உறுமவில்லை. பாய்ந்தது.

பூந்தொட்டி இரண்டு நொறுங்க, இரும்புத் தடுப்பில் முட்டி நின்றது. கதவிலிருந்த கை காற்றில் நிற்க, மாரியாத்தாள் தரையில் விழுந்தார். விழும்போதும் ஊசி போடுகிற இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ்காரர்களுக்கு அந்தக் கையில்தான் உயிர். நர்ஸ் ஓடி வந்து அந்தக் கையை விரலால் தொட்டுப் பார்த்து, “ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, பயப்படாதீங்க” என்றாள். வலது முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. அன்புமணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். திரையில் காபிக் கோப்பை வந்திருந்தது.

கிருபாசங்கர் பட்டறையிலிருந்து வந்து, தானே ஓட்டினார். அன்புமணி முன்சீட்டில், இடது பக்கம், முடிவெட்டிக்கொள்ள வந்த குழந்தை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கோவில்பாளையம் தாண்டியதும் கிருபாசங்கர் ஆரம்பித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் ஓர் ஆளை வேலையிலிருந்து எடுப்பதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள்.

“தப்பா நெனைக்காதீங்கண்ணா. நாளன்னிக்கு இருந்து வேண்டாமுங்க. அம்மா விசயம் பாருங்க.”

“சரிங்க தம்பி.”

“வயசாச்சுங்கண்ணா, ஓய்வெடுங்க.”

“இந்த வண்டியும் அதையேதானுங்க சொல்லுது.”

பின்சீட்டிலிருந்து மாரியாத்தாள் கேட்டார். “ஏனுங்க அன்புமணி, எதுக்கு அந்த அமுக்கு அமுக்கினீங்க? என்னைய மேலோகத்துக்குத் தாட்டி உட்டுப்போடலாம்னா?”

அவர் ஒளிக்கவில்லை. ஸ்டாண்டையும், கிளட்சையும், உறுமலையும் சொன்னார். “நீங்க சீக்கிரம் ஏறோணும்னு உறுமிப்போட்டனுங்க. இது உறுமாதுங்கறது காலுக்குத் தெரியலீங்க.”

கிருபாசங்கர் தலையில் அடித்துக்கொள்ள, ஆக்சிலேட்டரிலிருந்து கால் முழுசாக வந்துவிட்டது. வண்டி வெடுக்கென்று பிடித்தது. மாரியாத்தாளின் தலை முன்சீட்டில் இடித்தது.

“கிருபா, நீ வாரத்துல மூணு நாள் பட்டறைய மூடிப்போட்டு வர்றயா?”

“எப்படீங்கம்மா முடியும்? வேற டிரைவர் பாக்கலாம்.”

“மின்ன வந்த ரெண்டு டிரைவரும் எத்தன நாள் நின்னாங்க? எந்தப் பக்கத்துக் கை ஊசிக் கை, எந்த வேகத் தடையில வாந்தி வரும், எங்க நிறுத்தோணும்… ஒவ்வொருத்தருக்கா மொதல்ல இருந்து சொல்ல என்கிட்டச் சத்து இல்ல. இவரு படிச்சுட்டாரு. போதும்.”

“உங்களத் தள்ளி உட்டவருங்கம்மா!”

“தெரியும். உழுந்தது நானு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அன்புமணி, இங்க பாருங்க. நான் வண்டிக்கு வெளிய நிக்கறப்ப நீங்களும் வெளியதான் நிக்கோணும். நான் ஏறி, பெல்ட்டு மாட்டி, கதவு சாத்துனதுக்கப்புறந்தான் நீங்க உள்ள வரோணும். முடியுங்களா?”

காரிலிருந்து இறங்குவதும் ஏறுவதும் என்றால் இடது முழங்கால் முழு உடம்பையும் தாங்க வேண்டும். பஸ் சீட்டில் ஒருமுறை ஏறினால் டிரிப் முடிகிற வரை இறங்காத மனிதர். அன்புமணி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“முடியுங்க.”

கிருபாசங்கர் வண்டியைத் தோட்டத்துப் பாதையில் திருப்பினார். வீட்டு வாசலில் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை அன்புமணியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

அடுத்த டயாலிசிஸ் நாள் பிற்பகலில் அதே போர்ட்டிகோ. அன்புமணி குமிழைத் திருகி, வண்டியை அணைத்து, கதவைப் பிடித்து இறங்கினார். ஒரு காலைத் தரையில் வைத்து, பல்லைக் கடித்து, இன்னொரு காலை இழுத்து, காரைச் சுற்றிப் பின்கதவருகே வந்து நின்றார். செக்யூரிட்டி விசில் ஊதினார். பின்னால் ஹாரன் கேட்டது. படியில் மாரியாத்தாளும் உம்மல் குல்சுமும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

“பெரியவரே, வண்டிய எடுங்க!”

“சாவி என்கிட்டத்தான் இருக்குங்க. நான் வெளியதான் நிக்கறேன்” என்றார் அன்புமணி, கூரைமேல் சாய்ந்து எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டு. “அவுங்க வரட்டும்.”