பஞ்சு இருமல்

திருப்பூரில் இருமாத ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன் நின்றால், ட்யூப் லைட் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மிதப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அதை இழுத்துக்கொண்டேதான் நாள் முழுக்கத் துணியைப் புரட்டி ஓட்டையும் பிரிந்த தையலும் தேடுவோம். ஒருத்தி இருமினால் பக்கத்து மேசைக்காரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். டீ நேரத்தில் ஒரு வாழைப்பழத்தை நீட்டி, “முழுங்குங்கக்கா, பஞ்சு உள்ள எறங்கீரும்” என்பாள். அவ்வளவுதான் வைத்தியம். நானும் எத்தனையோ பேருக்கு அப்படி நீட்டியவள்தான்.

எனக்கு இருமல் பிடித்தது ஐப்பசி மழையில். பொங்கல் வந்தும் அது போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று காய்ந்தது. ஷிப்மென்ட் நேரம், ஓவர்டைம் பார்த்தால் யாருக்குத்தான் காயாது என்று விட்டேன். விடிந்து பார்த்தால் ரவிக்கையும் தலையணையும் நனைந்து கிடந்தன. முதலிபாளையத்தில் நாங்கள் இருந்தது தகரக் கூரை போட்ட லைன் வீடு, அதில் படுத்தால் வேர்க்காமல் என்ன செய்யும்? மார்கழிக் குளிரிலும் வேர்த்ததே என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. கம்பெனிப் பெண்கள், “எப்படிக்கா இளைச்சீங்க? எங்களுக்கும் சொல்லுங்க” என்று சூழ்ந்துகொண்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம். பிழைக்க வந்த இடத்தில் என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. “ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அந்த வாழப்பழத்தத் தூரப் போட்டுட்டு டாக்டர்ட்ட வா” என்று கத்தி இழுத்துப்போனார். வீதி முக்கில் இருந்த கிளினிக்கில் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, “பஞ்சுங்க டாக்டர்” என்றேன். அவரும் சரி என்று சிரப் எழுதிக் கொடுத்தார். நோயாளியே நோயின் பெயரோடு வந்து உட்கார்ந்தால் அந்த மனுஷனும் என்ன செய்வார்!

சிரப் தீர்ந்தது, இருமல் தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் பொம்மையை மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நாலு வயது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் போலவே இருமிக் காட்டிவிட்டு, பொம்மைக்குப் பழம் ஊட்டினாள். விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, வாயைப் பொத்திய முந்தானையில் ரத்தம் கோடாகத் தெரிந்தது. மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. எத்தனை நாளாய் இருமல், சாயங்காலக் காய்ச்சல் உண்டா, வேர்க்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, எடை குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சளைக்காமல் இருமலுக்குப் பஞ்சு, காய்ச்சலுக்கு ஓவர்டைம், வேர்வைக்குத் தகரம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

“எல்லாத்துக்கும் தனித்தனியா ஒரு காரணம் வெச்சிருக்கீங்க. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே காரணமா இருந்தா? பஞ்சால இருமல் வருங்க. பஞ்சால தெனமும் சாயங்காலம் காய்ச்சல் வராதுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அடுத்து அவர் கேட்டார். “வீட்ல சின்னக் கொழந்தைங்க இருக்காங்களா?”

எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் மேல்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சளி எடுத்து வரச் சொல்லி ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரம், ஆம்பளைகள் நடமாடும் இடத்தில், ஒரு பொம்பளை காறித் துப்புவது எப்படி? சும்மா வாயிலிருந்ததைத் துப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிசோதனைக்கூடத்தில் இருந்த பெண் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“இது எச்சலுங்க. நெஞ்சுச் சளி வேணும். எச்சலப் பார்த்துட்டு உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தா, சந்தோசமா ஊட்டுக்குப் போயிருவீங்க. அப்புறம் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, டப்பாவை வெடுக்கென்று வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அவள் சொன்னபடி மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, அடிவயிற்றிலிருந்து இருமி எடுத்தேன். இறுக மூடிய டப்பாவைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த அம்மா, “டிபனுங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்று சொல்லிவைத்தேன்.

சளியை வைத்துப் பார்த்த மெஷின், காச நோய் என்றுதான் சொன்னது. முக்கியமான மாத்திரைக்கு இந்தக் கிருமி கட்டுப்படும் என்பதையும் அதே மெஷின் சொல்லிவிட்டதாம். “இது நல்ல சேதிங்க, ஆறு மாசத்துல குணமாயிரும்” என்றார் டாக்டரம்மா. என் காதில் அதெல்லாம் ஏறவேயில்லை. “என் புள்ளைக்கு?” என்றேன். மகளையும் கூட்டிவந்து எக்ஸ்ரே எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. வராமல் தடுக்கத் தினமும் ஒரு மாத்திரை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள்.

“பிரிச்சு வெக்கோணும்னு இல்லீங்க. மாத்திரைய ஒழுங்கா போட்டா கொஞ்ச நாள்லயே பரவுறது நின்னுரும். மாஸ்க் போட்டுக்கங்க, சன்னலத் தொறந்து வெய்யுங்க” என்றார் டாக்டரம்மா.

எங்கள் வீட்டில் ஏது சன்னல்? இருந்தது ஒரே அறை. கதவைச் சாத்தினால் தீப்பெட்டிதான். அதற்குள் என் முகத்தின் மேல் கையைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளை. சளியில் கிருமி இல்லை என்று வரும்வரை அவள் மடத்துக்குளத்தில் என் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். “டாக்டரே வேண்டாம்னு சொல்லுதாங்க, பிள்ள ஏங்கிப் போயிரும்ட்டி” என்று வீட்டுக்காரர் மன்றாடினார். “ஏங்குனா தேத்திக்கலாங்க, இது வந்துட்டா?” என்றேன். நான் பிடித்தால் பிடித்ததுதான்.

மகளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. இந்த நோயின் பெயரை லைன் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பெரியம்மா வீட்டில் கன்றுக்குட்டி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம். அக்கா வந்து தூக்கிப்போனபோது முத்தம்கூடக் கொடுக்காமல் மாஸ்க்கோடு வாசலில் நின்றேன். ஒரு தடவை பார்க்கப் போனபோதும் அப்படித்தான், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் அழுத அழுகையில் இனிப் போகவே கூடாது என்று முடிவு கட்டினேன்.

காய்ச்சல் விட்டது. பசி எடுத்தது. டாக்டரம்மா சம்மதித்ததும் வேலைக்கும் போனேன். அங்கேதான் வந்தது வினை. அந்த மாத ஆர்டர் முழுக்கக் குழந்தைகள் பனியன், அதிலும் என் மேசைக்கு நாலு வயது சைஸ். பீஸை விரித்து மேசையில் போட்டால் என் மகள் கையை விரித்துப் படுத்திருப்பது போலவே இருக்கும். பனியனின் கைக்குள் என் கையை விட்டுத் தையல் பார்க்கும்போது அவளுக்குச் சட்டை மாட்டிவிடும் ஞாபகம் வரும். அயர்ன் மேசையிலிருந்து சூடு ஆறாமல் வரும் பீஸை வாங்கி யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அந்தச் சூடுகூட எனக்கு வேண்டியிருந்தது. என் பிள்ளையின் உடம்புச் சூட்டுக்கு நான் அப்படி ஏங்கினேன். வீட்டில் அவள் கழற்றிப்போட்ட பாவாடையைத் துவைக்காமலே வைத்திருந்தேன். வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

போனில் முதலில் எல்லாம், “அம்மா எப்ப வருவீங்க?” என்று அழுதாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். “அழுகறதில்ல புள்ள, குடுத்த மாத்திரைய அவளே ஞாபகமாக் கேட்டு வாங்கி முழுங்கிக்கறா. உம்புள்ள வெவரமானவ” என்றாள் அக்கா. பிள்ளை என்னை மறந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அழுத பிள்ளையைவிட அழாத பிள்ளைதான் என்னை அதிகமாகக் கொன்றாள்.

இரண்டு மாதம் முடிந்து மறுபடியும் சளிப் பரிசோதனை. இப்போது என்ன முக்கினாலும் சளி வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரம், யார் பார்த்தால் எனக்கென்ன என்று ஊரே கேட்க இருமி, ஒரு துளி எடுத்துக் கொடுத்தேன். முடிவு வாங்கப் போன அன்று பரிசோதனைக்கூடத்துப் பெண்ணே எழுந்து வந்து, “கிருமி இல்லீங்க” என்றாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மாத்திரை இன்னும் பாக்கி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்! அங்கிருந்து நேராக உடுமலைக்குப் பஸ் ஏறி, அங்கே வேறு பஸ் மாறி மடத்துக்குளம் போய் இறங்கினேன்.

அக்கா வீட்டு வாசலில் அவள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் உயர்ந்திருந்தாள். நான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தரையில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். “வா கண்ணு” என்றேன்.

அவள் ஓடி வரவில்லை. எழுந்து இரண்டடி பின்னால் போனாள். கவுன் நுனியைத் தூக்கி வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டாள். அதற்கு மேல் தெரிந்த கண்கள் என்னைவிட்டு நகரவேயில்லை. பிறகு துணிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டாள்.

“அம்மா, எனக்கு நல்லாயிருச்சுங்களா?”

சீக்காளி தான்தான் என்றும், அதனால்தான் அம்மா கிட்டே வருவதில்லை என்றும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அம்மா வந்துவிடுவாள் என்றும், இத்தனை நாளும் அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.