சூலூர்பேட்டைக் கருகமணி

போன வாரம் பொன்னேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. தமிழ்ப் பெண்தான், கழுத்தில் கருகமணிச் சரம். "இப்ப இதான் ஃபேஷன்" என்று எங்கள் வீட்டுப் பெண்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டேன். எங்கள் கூட்டத்தின் யோக்கியதை எனக்குத் தெரியுமே!

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். பெல்பாட்டம், பெரிய காலர், அதைவிடப் பெரிய வாய். ஆரம்பாக்கத்து வீட்டில் நான்தான் படித்தவன் என்று ஒரு நினைப்பு வேறு. அப்போதுதான் அண்ணனுக்குக் கல்யாணமாகி, சூலூர்பேட்டையிலிருந்து அண்ணி வந்தாள். தெலுங்குக்காரி. ரயிலில் கொஞ்ச தூரம்தான். ஆனால் அங்கே தாலியோடு கருகமணியும் இருந்தால்தான் சுமங்கலி. எங்களுக்கோ கழுத்தில் கருப்பு என்றாலே அபசகுனம்.

"இன்னாடி இது, புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல கழுத்துல கருப்ப மாட்டிக்கினு?" என்றாள் அம்மா. அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டான். அவன் வீரமெல்லாம் வரப்புச் சண்டையோடு சரி.

"இத எடுத்தா அவருக்கு ஆகாது தம்பி" என்று அண்ணி என்னிடம் வந்து நின்றாள். படித்தவன், நியாயம் கேட்பான் என்று நம்பியிருக்கிறாள், பாவம். நான் மூடநம்பிக்கையைப் பற்றி அரை மணி நேரம் முழங்கினேன். அம்மாவின் அபசகுனத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. அன்றைக்கே அண்ணி மணியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள்.

ஆடிக்கு அழைத்துப்போக அவள் அம்மா வந்தாள். கிணற்றடியில் மகளைப் பார்த்ததும் கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். தாலி புடவைக்குள் இருந்தது, கண்ணில் பட்டது மணியில்லாத கழுத்து மட்டும்தான்.

"அய்யோ தல்லீ! அல்லுடிக்கி ஏமைந்தே!"

மருமகனுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கதற, மருமகன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி கொல்லையிலிருந்து வந்தான்.

நாங்கள் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அம்மா அந்த ஒப்பாரியை நடித்துக் காட்டுவாள். நானும் ஆபீசில் சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறேன். நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம்போல இருக்கிறது.

அந்த அம்மாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு எங்கள் வாசலை மிதிக்கவேயில்லை. ஆடி கழிந்து திரும்பிய அண்ணி, அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு தெலுங்கு வார்த்தை பேசவில்லை. பிறந்த பிள்ளைகளிடமும் தமிழ்தான். எங்களுக்கு அதில் பெருமை வேறு.

பல வருஷம் கழித்து அந்த அம்மாள் சாகக் கிடந்தபோது எல்லோரும் சூலூர்பேட்டைக்குப் போனோம். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் நெடுநேரம் பேசினாளாம். உள்ளே போக முகமில்லாமல் வாசலில் நின்றிருந்த என்னிடம் பிள்ளைகள் வந்து கேட்டார்கள்:

"ஆயா இன்னா சொல்லிச்சு, சித்தப்பா?"