ஒருசந்தி நாளில் ராத்திரிச் சாப்பாடு

தங்கைக்குக் கல்யாணம் ஆன பிறகு அப்பா அவளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. திட்டினதில்லை, வராதே என்று சொன்னதும் இல்லை. அவள் வந்தால் "வா" என்பார், "சொகமா இருக்கியா" என்பார். அம்மா தட்டை எடுத்து வைத்ததும், "நான் சாப்ட்டேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன நாளும் உண்டு. வருஷக்கணக்காக இந்த ஒரே பதில்தான்.

மாதா கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசிக்காமல், பதிவாளர் அலுவலகத்தில் நெய்க்காரப்பட்டிக்காரருக்கு மாலை போட்டவள் அவள். அவர்கள் சாமி வேறு, சாப்பாடும் வேறு. சுத்த சைவம். நாங்களோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகக் கறிக்கடைக்குப் போகிற ஆட்கள். அப்பாவுக்கு அந்த மனத்தாங்கல் ஆறவே இல்லை.

போன மார்ச் மாதம் தங்கை போன் செய்தாள். "அக்கா, நம்ம வீடும் வேணாம், எங்க வீடும் வேணாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைவ ஓட்டலுக்கு அப்பாவக் கூட்டிட்டு வாயேன். எங்கூட உக்காந்து ஒரு இட்லி தின்னா எனக்குப் போதும்." அவள் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ஒழியுமாம்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அது தவக்காலம். தவக்கால வெள்ளிகளில் அப்பா ஒருசந்தி இருப்பவர். நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, அதையும் மத்தியானமே முடித்துவிடுவார். ராத்திரி காப்பிகூடத் தொடமாட்டார்.

"ஏண்டி, நீயும் இந்த வீட்டுலதான வளந்த? வேற நாளே கெடைக்கலையா ஒனக்கு? அவருக்கு நீயே சாக்கு எடுத்துக் குடுக்குற" என்று கத்திவிட்டேன். "ஐயோ, ஒருசந்தி" என்றாள். மறந்தே போயிருக்கிறாள். அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வாரேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை செபம் முடித்துவிட்டு அப்பா, அம்மா, நான் மூவரும் ஓட்டலுக்குப் போனோம். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் எங்களுக்கு முன்பே வந்து மேசை பிடித்திருந்தார்கள். அப்பா தங்கைக்கு எதிரே உட்கார்ந்தார். மேசைமேல் வைத்த அவர் கை லேசாக நடுங்கியது. கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் இப்படியா கல்லாக இருப்பார் என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

பரிமாறுகிறவர் வந்து, இருக்கிற பலகாரங்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அம்மா இடியாப்பம் கேட்டாள், நானும் மாப்பிள்ளையும் பரோட்டா குருமா, தங்கை ரவா தோசை.

"ஐயாவுக்கு?"

மாப்பிள்ளை, "ஏனுங்க மாமா, ஒரு பாலாச்சும் சாப்பிடுங்க" என்றார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "அவங்களுக்கு ஒண்ணும் வேணாங்க. அவங்க சாப்ட்டாங்க." தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். அந்த வார்த்தையை அவர் வாயால் இன்னொரு தடவை கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"இல்ல. நான் இன்னும் சாப்பிடல" என்றார் அப்பா. பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, "நாலு இட்லி" என்றார்.

எனக்குப் புரியவே இல்லை. அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "மத்தியானம் தட்டு வச்சேன். ராத்திரிக்கு இருக்கட்டும்னு எந்திரிச்சுட்டாரு. சுகர் மாத்திரையும் போடல. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்திருக்கிறார். சிலுவைப்பாதையில் பதினான்கு தலத்துக்கும் முழங்கால் போட்டு எழுந்த மனுஷன். அன்றைக்கு உள்ள ஒரே வேளைச் சாப்பாட்டை இவளுக்காக எடுத்து வைத்திருக்கிறார். பசியில் நடுங்கிய கையை நான் கோபம் என்று நினைத்தேன்.

இட்லிதான் முதலில் வந்தது. சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார்கள். அப்பா தொடவில்லை.

"சாப்பிடுங்கப்பா, கை நடுங்குது" என்றாள் தங்கை.

"ஒனக்கு வரட்டும்."

பரோட்டா வந்தது. இடியாப்பம் வந்தது. ரவா தோசை மட்டும் வந்தபாடில்லை. அப்பா இட்லியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தங்கை சட்டென்று எழுந்து, அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அண்ணே, எனக்குத் தோசை வேணாம். இட்லியே குடுங்க, சீக்கிரம்."

அவள் தட்டு வந்த பிறகுதான் அப்பா சிலுவை போட்டுக்கொண்டு முதல் இட்லியைப் பிட்டார். அவள் தின்னாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிப்போகும், சாப்புடு" என்றார்.